கலகமும் கமவிளைவும்: கிழக்காபிரிக்கா கண்ட பாடம்

களத்திற் குவிந்து கிடக்கும்வரை தானியம் கமக்காரனுடைய உழைப்பாகவே இருக்கிறது. அது சந்தையை அடைந்து விலையான பின்னர்தான் அவனுடைய செல்வமாக மாறுகிறது. களத்திற்கும் சந்தைக்கும் இடையே கிடப்பது ஒரு பாதை. அந்தப் பாதை சொந்த நாட்டுக்குள்ளேயே முடிந்துவிடின் நாட்டின் அமைதி ஒன்றே போதும். எல்லையைக் கடந்து அயல்நாட்டின் ஊடாகச் செல்லுமாயின், அந்த அயல்நாட்டின் அமைதியும் கமக்காரனுடைய விளைச்சலில் ஒரு பங்காகிவிடுகிறது. மழை பெய்ததா, பூச்சி பிடித்ததா என்று வானத்தையும் நிலத்தையும் பார்த்து வாழ்பவன், தான் ஒருநாளும் கண்டிராத ஓர் ஊரில் மக்கள் கைகலந்தார்களா என்பதையும் பார்க்க வேண்டியவனாகிறான். இந்த உண்மையை 2008ஆம் ஆண்டின் தொடக்கத்திற் கிழக்காபிரிக்க நாடுகள் மிகுந்த துன்பத்தோடு கற்றுக்கொண்டன.

முதலில் அந்நிலப்பரப்பின் அமைப்பைத் தெரிந்துகொள்வது நலம். உகண்டா, றுவண்டா, புருண்டி ஆகிய மூன்று நாடுகளுக்கும் கடற்கரை இல்லை. இந்து சமுத்திரக் கரையில் அமைந்த கென்யாவின் மொம்பாசாத் துறைமுகம் அவற்றின் முக்கியமான வாசல்களுள் ஒன்று. மொம்பாசாவிலிருந்து புறப்படும் நெடுஞ்சாலை தலைநகரான நைரோபியைக் கடந்து, பிளவுப் பள்ளத்தாக்கு எனப்படும் உயர்ந்த மேட்டுநிலத்தின் ஊடாக ஏறி இறங்கி, மலாபா, புசியா என்னும் எல்லை ஊர்களை அடைந்து உகண்டாவுக்குள் நுழைகிறது. உகண்டாவின் தலைநகரான கம்பாலாவை அடைய ஏறத்தாழ 1,170 கிலோமீற்றர் செல்லவேண்டும். றுவண்டாவின் தலைநகரான கிகாலிக்கோ ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர். இவ்வழியை வடக்குப் பெருவழி என்று அழைப்பர். இதற்குத் துணையாக ஒரு புகையிரதப் பாதையும் உண்டு. 1896ஆம் ஆண்டில் மொம்பாசாவிலே தொடங்கப்பட்ட அப்பாதை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட முப்பதாயிரத்துக்கும் அதிகமான தொழிலாளரின் உழைப்பினால் 1901இல் விக்ரோறியா ஏரிக்கரையை எட்டியது. 1931இற் கம்பாலாவையும் அடைந்தது.

இப்பெருவழியில் இரு நீரோட்டங்கள் எதிரெதிராக ஓடுகின்றன எனலாம். உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி உகண்டாவின் கோப்பியும், றுவண்டா, புருண்டி, உகண்டா ஆகிய நாடுகளின் தேயிலையும் வருகின்றன. இவற்றோடு உகண்டாவின் சோளமும் அவரை விதையும் வாழைக்காயும் முட்டையும் கென்யாவின் நகரங்களை நோக்கிப் பயணஞ் செய்கின்றன. கடலிலிருந்து உள்நாட்டை நோக்கிப் பெற்றோலும் டீசலும் உரமும் உப்பும் இயந்திரங்களும் செல்கின்றன. விளைபொருளைப் பற்றிப் பேசும்போது முதலாவது ஓட்டத்தை மட்டும் நினைப்பது மக்கள் இயல்பு. ஆயினும் இரண்டாவது ஓட்டம் நின்றால் முதலாவதும் தானாகவே நின்றுவிடும். லொறிக்கு எரிபொருள் இல்லையேல் தானிய மூடை நகராது. வயலுக்கு உரம் வராவிடின் மறுபோகத்தில் ஏற்றுவதற்கு மூடையே இராது.

பெரிய லொறிகளோடு சிறிய வணிகமும் எல்லையிற் செழித்து வளர்ந்துள்ளது. புசியாவிலும் மலாபாவிலும் இருநாட்டுக் காவலரண்களுக்கு இடையேயுள்ள வெளியைக் கடக்க மக்கள் துவிச்சக்கரவண்டிகளை வாடகைக்கு அமர்த்துவது பழைய வழக்கம். எல்லையிலிருந்து எல்லைக்கு என்று ஆங்கிலத்திற் கூவி ஆளழைத்த அந்த வண்டிக்காரரின் குரலே நாளடைவிற் சிதைந்து, அவ்வண்டிக்குப் 'போடா போடா' என்ற பெயரைத் தந்தது. தமிழ்ச் செவிக்கு அது ஒருவனை விரட்டுவது போல ஒலித்தாலும், அங்கே அது ஆளை வரவேற்கும் சொல். அவ்வண்டிகளின் பின்னிருக்கையில் அவரை விதைச் சாக்கும் சோள மூடையும் வாழைக்குலையும் ஏறிச் செல்லும். இச்சிறு வணிகத்தைச் செய்வோரிற் பெரும்பாலார் பெண்கள். காலையில் ஒரு சாக்கை வாங்கி மாலையில் விற்று, மறுநாளைக்கு முதல் தேடுபவர்கள் அவர்கள். சுங்கப் பதிவேடுகளில் இவர்களுடைய பண்டங்களிற் பெரும்பகுதி இடம்பெறுவதில்லை. ஆனால் எல்லையோரத்து அடுப்புகள் இவர்களாலேயே எரிகின்றன.

இத்தகைய நிலையில் 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆந் திகதி கென்யாவிற் பொதுத்தேர்தல் நடைபெற்றது. பதவியில் இருந்த ஜனாதிபதி முவாய் கிபாக்கியும் எதிரணித் தலைவர் றைலா ஒடிங்காவும் போட்டியிட்டனர். டிசெம்பர் 30ஆந் திகதி கிபாக்கி வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. முடிவு நேர்மையானதன்று என எதிரணி மறுத்தது. அன்று மாலையே பல நகரங்களிற் கலகம் மூண்டது. தேர்தல் முடிவு ஒரு தீப்பொறியே. விறகு அதற்கு முன்னரே அடுக்கப்பட்டிருந்தது. 1963இல் விடுதலை பெற்றதன் பின்னர் பிளவுப் பள்ளத்தாக்கு நிலங்களில் யார் குடியேறினர், யார் விடுபட்டனர் என்ற மனக்குறை பல தலைமுறைகளாகத் தீராதிருந்தது. ஆகவே அரசியற் பிணக்கு இனப்பிணக்காக மாறியது. இரண்டு மாதங்களுக்குள் 1,100க்கும் அதிகமான மக்கள் உயிரிழந்தனர். மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்து இடம்பெயர்ந்தனர். அயல்நாட்டு வணிகத்தைப் பற்றிய எந்தக் கணக்கும் இந்த மனித இழப்பின் பின்னரே வைத்து எண்ணத்தக்கது.

கலகத்தின் கொடுமை மிக்க களம் பிளவுப் பள்ளத்தாக்காக இருந்தமையே அயல்நாடுகளின் தீவினையாயிற்று. வடக்குப் பெருவழியின் கழுத்தைப் போன்றது அப்பகுதி. நகுறு, எல்டொரெற் ஆகிய நகரங்களின் அருகே இளைஞர்கள் மரங்களை வெட்டி வீழ்த்தியும் கற்களை உருட்டியும் சாலையை மறித்தனர். சில இடங்களில் வண்டியில் வருபவர் எந்த இனத்தவர் என்பதை அடையாள அட்டையைக் கொண்டு சோதித்தனர். சாரதியின் பெயரே அவனுடைய உயிருக்குத் தீர்ப்பாக அமைந்தது. சரக்கு யாருடையதாயினும், எந்த நாட்டுக்குப் போவதாயினும், வண்டியை ஓட்ட ஆள் துணியாதபோது அது அசையாது. நைரோபியின் கிபேரா என்னும் குடிசைப் பகுதியிற் புகையிரதத் தண்டவாளங்களும் பெயர்த்தெறியப்பட்டன. ஆக, சாலை, இருப்புப்பாதை ஆகிய இரண்டும் ஒருங்கே அடைபட்டன. மொம்பாசாத் துறைமுகத்திலோ உள்நாடுகளுக்குச் செல்லவேண்டிய கொள்கலன்கள் நாளுக்கு நாள் குவிந்தன.

எல்லைக்கப்பால் முதலில் உணரப்பட்டது எரிபொருட் பஞ்சமே. மொம்பாசாவில் இறங்கும் எண்ணெய், குழாய் வழியாக எல்டொரெற் நகரத்துக்கும் கிசுமு நகரத்துக்கும் வந்து, அங்கிருந்து பவுசர் வண்டிகளில் எல்லை கடப்பது வழக்கம். அவ்விரு நகரங்களும் கலகத்தின் நடுவே அகப்பட்டன. சில நாட்களுக்குள் உகண்டாவில் எரிபொருள் நிலையங்கள் பல வறண்டன. கிடைத்த இடங்களிலும் விலை முன்னைய அளவைப் பன்மடங்கு தாண்டியது. றுவண்டாவில் எரிபொருள் பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. இவ்வளவும் நடந்தபோது உகண்டாவின் வயல்களில் ஒரு கலகமும் இல்லை. ஆயினும் அவ்வயல்களின் விளைவைக் கிராமத்திலிருந்து அடுத்த நகரத்துச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் கூலி ஏறிற்று. அயல்நாட்டுக் கலகம் எல்லையை மட்டும் அடைத்ததன்று. எல்லைக்கு உள்ளேயிருந்த பாதைகளையும் மெலிவித்தது.

காலமும் கமக்காரனுக்குப் பகையாக அமைந்தது. உகண்டாவின் பெரும்பகுதியில் ஆண்டில் இரு மழைக்காலங்களும் இரு போகங்களும் உண்டு. இரண்டாம் போகத்துச் சோளமும் அவரையும் ஆண்டின் முடிவிலும் தையின் தொடக்கத்திலும் களத்துக்கு வருகின்றன. கோப்பி பறிக்கும் முக்கிய காலங்களுள் ஒன்றும் அதுவே. இவ்வாறு விற்பனைக்குரிய பண்டம் மிகுந்திருந்த அதே வாரங்களில் வாசல் மூடப்பட்டது. கோப்பி வணிகர் தம் கிடங்குகள் நிரம்பியதும் புதிதாக வாங்குவதைக் குறைப்பர். கப்பலேற்றும் நாளைக் குறித்து உடன்படிக்கை செய்தவர் அந்த நாள் தவறியமைக்குப் பொறுப்புச் சொல்லவேண்டும். இந்தச் சுமை யாவும் படிப்படியாக இறங்கி, முடிவில் தோட்டத்து மூலையில் நிற்கும் சிறு கமக்காரனின் தோளிலே விழும். ஏனெனில் அவனுக்குக் கீழே சுமையை இறக்கிவைக்க வேறொருவர் இல்லை.

விலை எவ்வாறு பிளவுபடுகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். அமைதியான காலத்தில் ஒரு மூடைச் சோளம் உகண்டாக் கிராமத்தில் 100 ரூபாவுக்கு வாங்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுகூலி முதலிய செலவு 30 ரூபா. நைரோபியில் அது 150 ரூபாவுக்கு விற்கப்பட்டால் வணிகனுக்கு மிஞ்சுவது 20 ரூபா. கலகம் மூண்டதும் ஏற்றுகூலி 90 ரூபாவாக உயர்கிறது. சரக்குக் குறைந்தமையால் நைரோபியில் விலையும் 180 ரூபாவாக ஏறுகிறது. விலை ஏறிவிட்டதே, கமக்காரனுக்கு நன்மைதானே என்று ஒருவர் எண்ணக்கூடும். ஆனால் 180இல் 90ஐயும் வணிகனின் 20ஐயும் கழித்தால் எஞ்சுவது 70. ஆகவே கிராமத்தில் அவன் 70 ரூபாவுக்கு மேற் கொடுக்க இயலாது. உண்பவன் 30 ரூபா அதிகம் கொடுக்கிறான். விளைத்தவன் 30 ரூபா குறைவாகப் பெறுகிறான். இடையிலிருந்த 60 ரூபா வணிகனின் பைக்குட் செல்லவில்லை. அச்சமும் தாமதமும் அதனை உண்டுவிட்டன.

அந்த 90 ரூபாவில் என்னென்ன அடங்கியுள்ளன என்பதும் நோக்கத்தக்கது. எரிபொருளின் உயர்ந்த விலை அதில் ஒரு கூறு. ஆபத்தான பாதையில் வண்டியை விடுவதற்கு உரிமையாளன் கேட்கும் மேலதிக வாடகை இன்னொரு கூறு. சாரதிக்கும் உதவியாளுக்கும் உயிரச்சத்துக்காகக் கொடுக்கும் கூலியும் உண்டு. காத்திருக்கும் நாட்களின் செலவு யாவற்றிலும் பெரிது. மாதத்தில் நான்குமுறை சென்றுவரும் வண்டி ஒருமுறை மட்டுமே சென்றுவருமாயின், அதன் முழுமாதச் செலவையும் அந்த ஒரு பயணமே தாங்கவேண்டும். வழியிற் பறிபோகக்கூடிய சரக்கின் மதிப்பும் இதனோடு சேரும். இவை அனைத்தும் விளைபொருளின் தரத்தில் ஓர் அணுவளவும் உயர்வைத் தாராத செலவுகள்.

பண்டங்கள் யாவும் தாமதத்தை ஒரே அளவிற் பொறுப்பதில்லை. பால் சில மணி நேரமே பொறுக்கும். கென்யாவின் பால்வளம் மிக்க மேட்டுநிலங்களிற் சேகரிக்கும் வண்டிகள் வராமையால் கறந்த பால் வீணாக ஊற்றப்பட்டது. நைவாஷா ஏரியைச் சுற்றியுள்ள பூந்தோட்டங்களின் மலர்கள் ஐரோப்பியச் சந்தைக்கு விமானமேறுவன. பெப்ரவரி நடுவில் அவற்றுக்குக் கிராக்கி மிகுதி. அதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே நைவாஷாவிற் கலகம் பரவியது. தொழிலாளர் உயிருக்கஞ்சி ஓடினர். மலர் வண்டிகள் காவற்படையின் துணையோடு நைரோபி விமான நிலையத்துக்குச் சென்றன. வாழைக்காயும் தக்காளியும் சில நாட்களிற் கெடும். சோளமும் அவரையும் பல மாதங்கள் இருக்கும் என்று நம்பப்படுவதுண்டு. அது நன்கு உலர்ந்த தானியத்துக்கே பொருந்தும். ஈரத்தோடு அடைத்துவைத்த சோளத்திற் பூஞ்சணம் பிடித்து நச்சு உண்டாகும். 2004ஆம் ஆண்டிற் கென்யாவின் கிழக்குப் பகுதியில் அத்தகைய நச்சுச் சோளத்தை உண்டு 125 பேர் இறந்தனர். ஆகவே சந்தை திறக்கும்வரை வைத்திருக்கலாம் என்ற அறிவுரை, உலர்த்தும் தளமும் நல்ல களஞ்சியமும் உள்ளவனுக்கு மட்டுமே உதவும்.

தேயிலையின் இயல்பை இலங்கை நேயர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலையை அடையாவிடின் அது குப்பையே. கென்யாவின் தேயிலையிற் பாதிக்கு மேற்பட்டது சிறு தோட்டக்காரர் விளைப்பது. அவர்கள் கொழுந்தைச் சாலையோர நிலையங்களிலே கொடுக்க, லொறிகள் வந்து சேகரித்துச் செல்லும். கெரிச்சோவைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களிலோ வெளியூர்த் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்கின்றனர். கலகத்தில் அவர்களுட் பலர் விரட்டப்பட்டனர். கொழுந்து செடியிலேயே முற்றிற்று. 2007இல் ஏறத்தாழ 37 கோடி கிலோகிராமாக இருந்த கென்யாவின் தேயிலை விளைச்சல் 2008இல் ஏறத்தாழ 34 கோடியே 60 இலட்சம் கிலோகிராமாகக் குறைந்தது. இதற்குக் கலகம் மட்டுமன்றி மழைக்குறைவும் காரணம். 1956இல் தொடங்கி இன்று மொம்பாசாவில் நடைபெறும் தேயிலை ஏலத்தில் உகண்டா, றுவண்டா, புருண்டி, தான்சானியா ஆகிய நாடுகளின் தேயிலையும் விலைபேசப்படுகிறது. ஆதலின் கென்யாவின் சாலை அடைபட்டபோது, அமைதியாக இருந்த றுவண்டாவின் மலைச்சரிவிற் கொழுந்து பறித்த பெண்ணின் கூலியும் அந்தச் சாலையிலே சிக்கிக்கொண்டது.

சரக்கைப்போலவே கடனும் நம்பிக்கையும் பாதையில் நடப்பவை. எல்லை வணிகத்திற் பெரும்பகுதி எழுத்தில்லாக் கடனிலே நிகழ்கிறது. உகண்டா வணிகர் அவரை விதையை அனுப்பிவிட்டு, விற்ற பின்னர் காசு வாங்குவார். கென்யாக் கடைக்காரர் முற்பணம் கொடுத்துச் சரக்கை எதிர்பார்ப்பார். இருவருக்கும் இடையே நிற்பது பழக்கம் ஒன்றே. கடை எரிந்தால் கடனும் எரிந்துபோகிறது. கடைக்காரர் இனத்தின் பெயரால் ஊரைவிட்டு ஓடிவிட்டால், அவரைத் தேடிக் கடன் கேட்பது எவ்வாறு? கிசுமு நகரத்தின் கடைத்தெருக்கள் சூறையாடப்பட்டபோது நட்டமடைந்தவர் அந்நகரத்துக் கடைக்காரர் மட்டுமல்லர். வழியிற் பொருளிழந்த உகண்டா வணிகர் இழப்பீடு கோரி நெடுநாள் அலைந்தனர். அவர்களுக்காவது காட்டுவதற்குச் சில தாள்கள் இருந்தன. தலைச்சுமையாகச் சரக்குக் கொண்டுசென்ற பெண்ணிடம் காட்டுவதற்கு எந்தத் தாளும் இல்லை. ஒரு சாக்கு விதை அவளுடைய முழு முதல். அதை இழந்தவுடன் அவள் வணிகத்தை விட்டே விலகினாள்.

கலகத்தின் நிழல் அடுத்த போகத்தின்மீதும் விழுந்தது. கென்யாவின் சோளக் களஞ்சியம் எனத்தக்கது பிளவுப் பள்ளத்தாக்கின் வடபகுதி. அங்கே அறுவடை முடிந்து தானியம் களஞ்சியங்களில் இருந்த வேளையிற் பல களஞ்சியங்கள் தீக்கிரையாயின. மார்ச்சு மாதத்து மழையோடு மறுபடி விதைக்க வேண்டிய கமக்காரர் பலர் அகதி முகாம்களில் இருந்தனர். வயலிருந்தும் உழுபவன் இல்லை. உழுபவன் இருந்தும் விதையில்லை. அதே ஆண்டில் உலகச் சந்தையில் உரவிலையும் உணவுவிலையும் உயர்ந்தன, மழையும் பொய்த்தது. இவை யாவும் கூடியதன் விளைவாக 2009ஆம் ஆண்டு ஜனவரியில் கென்ய அரசு பஞ்சத்தைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. ஒரு கோடி மக்கள் உணவின்றி வாடும் ஆபத்தில் உள்ளனர் எனக் கூறப்பட்டது. இந்த ஒரு கோடியையும் கலகத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. எனினும் கலகம் இல்லாதிருந்தால், வறட்சியை எதிர்கொள்ளக் களஞ்சியத்திற் சிறிது தானியமும் கமக்காரன் கையிற் சிறிது காசும் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழியிற் செல்லலாகாதா என்ற வினா எழுதல் இயல்பு. தான்சானியாவின் தார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் நடுப்பெருவழி ஒன்று உண்டு. கிகாலிக்கு அது மொம்பாசா வழியிலும் சற்றுக் குறுகியதே. கம்பாலாவுக்கோ பல நூறு கிலோமீற்றர் அதிகம். ஆயினும் வழியென்பது தார் பூசிய நிலம் மட்டுமன்று. துறைமுகத்து முகவர், பண்டகசாலை, சுங்கத்தரகர், எடைமேடை, சாரதி தங்கும் விடுதி, கடன் தரும் வணிகர் யாவும் சேர்ந்ததே வழி. இவற்றை ஒரு வாரத்திற் புதிதாக அமைத்தல் இயலாது. தார் எஸ் சலாம் துறைமுகமும் திடீரென வரும் மேலதிகச் சுமையைத் தாங்கும் நிலையில் இருக்கவில்லை. அன்றியும் நைரோபியின் சமையலறைக்குப் போகும் உகண்டாச் சோளத்துக்கு மாற்றுவழி எதுவும் கிடையாது. வாங்குபவர் இருக்கும் இடத்துக்கே அது போயாக வேண்டும்.

ஜனவரி மாதத்திலே கென்யப் பாதுகாப்புப் படையினர் லொறிகளையும் பவுசர்களையும் அணியணியாகத் திரட்டிக் காவலோடு எல்லைவரை கொண்டுசெல்லத் தொடங்கினர். இதனால் எரிபொருளும் இன்றியமையாப் பண்டங்களும் மெல்லமெல்ல நகர்ந்தன. எனினும் காவல் அணியிற் பயணஞ் செய்வது தாமதமானது. நூறு வண்டிகள் கூடும்வரை முதல் வண்டி காத்திருக்கும். பெருவழியிலே காவல் உண்டு. பெருவழியை அடையும் கிராமப் பாதையிற் காவல் இல்லை. ஆகவே கடல்வாணிகத்துப் பெரிய சரக்குகள் முதலிற் பிழைத்தன. சிறு கமக்காரனின் மூடைகள் பிந்தியே பிழைத்தன. ஐக்கிய நாடுகள் சபையின் முன்னாட் செயலாளர் நாயகம் கோபி அனான் முன்னின்று நடத்திய பேச்சுக்களின் பயனாகப் பெப்ரவரி 28ஆந் திகதி இரு தலைவர்களும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டனர். தடைகள் நீங்கின. லொறிகள் திரும்பின. ஆனால் இடம்பெயர்ந்த கடைக்காரர் எல்லோரும் திரும்பவில்லை. அறுந்த கடன்தொடர்புகள் எல்லாம் மீண்டும் முடியப்படவும் இல்லை.

இந்த அனுபவம் வீண்போகவில்லை. 2013ஆம் ஆண்டுத் தேர்தல் நெருங்கியபோது உள்நாட்டு வணிகர் முன்கூட்டியே எரிபொருளையும் பண்டங்களையும் வரவழைத்துச் சேமித்தனர். 2014 முதல் கிழக்காபிரிக்கச் சமூகத்து நாடுகள் ஒன்றிணைந்த சுங்க முறையைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தலாயின. உள்நாட்டுக்குச் செல்லும் சரக்கின் வரி மொம்பாசாவிலேயே மதிப்பிடப்பட்டமையால் வழியிற் காத்திருக்கும் நாட்கள் குறைந்தன. 2018இற் புசியாவில் இருநாட்டு அலுவலரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பரிசோதிக்கும் நிலையம் முறையாகத் திறந்துவைக்கப்பட்டது. 2,000 டொலருக்கு மேற்படாத மதிப்புள்ள உள்ளூர் விளைபொருளைக் கொண்டுசெல்லும் சிறு வணிகருக்கு எளிய சான்றிதழ் முறையும் ஏற்பட்டது. இச்சான்றிதழின் பயன் வரிவிலக்கோடு முடிவதன்று. பதிவேட்டில் ஏறிய வணிகனுக்கே, பொருளிழந்தபோது இழப்பைச் சொல்ல ஒரு சான்று உண்டு.

எனினும் இவ்வேற்பாடுகளின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். சுங்க முறை எவ்வளவு திருத்தமாயினும், மறிக்கப்பட்ட சாலையில் அது செயற்படாது. கிராமத்தில் உலர்த்தும் தளமும் கூட்டுறவுக் களஞ்சியமும் இருப்பின் கமக்காரன் அச்சத்தில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் சில வாரங்கள் பொறுக்கலாம். உள்நாட்டில் எரிபொருட் சேமிப்பு இருப்பின் முதல் அதிர்ச்சியைத் தாங்கலாம். இரண்டாவது வழியை அமைதிக் காலத்திலேயே பழக்கத்தில் வைத்திருந்தால் ஆபத்துக் காலத்தில் அது கைகொடுக்கும். இவை யாவும் காலத்தை வாங்கித் தருவன. அமைதியை வாங்கித் தருவன அல்ல. நிலத்தைப் பற்றிய பழைய மனக்குறையைக் கேட்டறிந்து தீர்ப்பதும், தேர்தலின் முடிவில் தோற்றவரும் நம்பிக்கை கொள்ளுமாறு அதை நடத்துவதும் வணிக அமைச்சின் வேலைகளாகத் தோன்றா. ஆனால் 2008ஆம் ஆண்டு காட்டியபடி, சோள மூடையின் விலையை நிருணயிப்பனவற்றுள் அவையும் அடங்கும்.

கலகத்தின் இழப்பைக் கணக்கிடுவோர் எரிந்த கடைகளையும் நின்ற லொறிகளையும் எண்ணுவர். கண்ணுக்குப் புலனாகாத இழப்புக்களும் உண்டு. அடுத்த போகத்திற் சந்தைக்கென விதைக்காமல் வீட்டுக்கு மட்டும் விதைத்த கமக்காரனையும், கடன் கொடுக்க அஞ்சிக் கதவைச் சாத்திய வணிகனையும், எல்லையை நோக்கிப் போவதை விட்டுவிட்ட பெண்ணையும் எந்தப் பதிவேடும் எண்ணுவதில்லை. தண்டவாளத்தை மீண்டும் பதிக்கச் சில நாட்கள் போதும். எல்லைக்கப்பால் உள்ளவன் நாளைக்கும் கடை திறப்பான் என்ற நம்பிக்கையை மீண்டும் பதிக்கப் பல போகங்கள் வேண்டும். அந்த நம்பிக்கை உள்ளவரையில்தான் புசியாவின் துவிச்சக்கரவண்டிக்காரனுக்குப் பின்னிருக்கையில் ஏற்ற ஒரு மூடை இருக்கும். அந்த மூடைக்குப் பின்னால் ஒரு கமக்காரனின் குடும்பமும் பசியின்றி இருக்கும்.